லேப் இல்லாத மாணவருக்கு லேப் பாடம்: முழு ஆன்லைன் வகுப்புக்குப் பாடத்தையும் மென்பொருளையும் மாற்றியமைக்கும் முறை

கல்லூரி லேப்பில் ஒரு பாடம் தடையில்லாமல் ஓடுகிறது என்றால், பல வேலைகள் மாணவர் கண்ணில் படாமலே நடந்திருக்கின்றன என்று பொருள். மென்பொருளை யாரோ முன்பே இன்ஸ்டால் செய்துவைத்திருப்பார்கள். எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பு இருக்கும். லைசென்ஸ் கேள்வியே எழாது. திரை உறைந்து நின்றால் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். முழுக்க ஆன்லைனில் படிப்பவருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. அந்த வேலைகளை யார், எப்போது செய்வது என்று முடிவெடுத்துவிட்டால் பாதிப் பாடம் மாறிவிட்டது. வீடியோ எடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

மென்பொருள் பட்டியலுக்கு முன் வேலைப் பட்டியல்

பாடத்திட்டத்தில் "தேவையான மென்பொருள்" என்றிருக்கும் பகுதியைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: எந்த வாரம், மாணவர் என்ன செய்கிறார், எதற்கு மதிப்பெண். பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: அந்த மென்பொருளையே கற்றுக்கொள்வது நோக்கமா, இல்லை அந்த வேலையைக் கற்றுக்கொள்வது நோக்கமா?

புள்ளியியல் வகுப்பில் டி-டெஸ்ட் (இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சோதனை) செய்ய எஸ்பிஎஸ்எஸ் என்ற கட்டண மென்பொருள் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஜாமோவி, ஜாஸ்ப் இரண்டும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தரவுத்தளத்திலிருந்து தகவல் கேட்டெடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் கற்பிக்க மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் வேண்டியதில்லை; அது விண்டோஸில் மட்டுமே ஓடுவது, எஸ்க்யூலைட் போதும். நிலவரைபட மென்பொருள்களில் ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ விண்டோஸுக்கு மட்டும், க்யூஜிஐஎஸ் எல்லாவற்றுக்கும். முப்பரிமாண வரைவில் சாலிட்வொர்க்ஸ் விண்டோஸ் கேட்கும், ஆன்ஷேப் பிரவுசரிலேயே திறக்கும். ஆனால் கட்டடக்கலை மாணவர் ரெவிட் என்ற கட்டட வரைவு மென்பொருளிலேயே கைதேற வேண்டும் என்பதுதான் பாடத்தின் நோக்கம் என்றால் மாற்று தேடி அலையாதீர்கள். "விண்டோஸ் கட்டாயம்" என்று சேர்க்கைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எக்செல் ஒரு தந்திரமான இடம். பெயர் ஒன்றுதான், ஆனால் விண்டோஸ் எக்செலில் உள்ள பவர் பிவட் (பல அட்டவணைகளை இணைத்து அலசும் வசதி) மேக் எக்செலில் இல்லை. தரவை வரைபடமாக்கும் பவர் பிஐ டெஸ்க்டாப்பும் விண்டோஸில் மட்டுமே. "எக்செல் இருந்தால் போதும்" என்று எழுதிவிட்டு ஏழாவது வாரம் பவர் பிவட் ஒப்படைப்பு வைத்தால், மேக் வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் அன்றைக்குத்தான் மாட்டுவார்கள்.

"எந்த மென்பொருள் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்" என்று விடுவது தாராளமாகத் தெரியும், நடைமுறையில் அது தொல்லை. விளக்கப்படமும் வீடியோவும் உதவிக் குறிப்பும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வேண்டியிருக்கும். விடையே மாறுவதும் உண்டு. 2, 4, 6, 8 என்ற நான்கு எண்களுக்கு முதல் கால்மானம் (கீழ்க் கால்பகுதியைப் பிரிக்கும் எண்) கேளுங்கள்: ஆர் என்ற புள்ளியியல் மொழியின் வழக்கமான முறை 3.5 என்று சொல்லும், எஸ்பிஎஸ்எஸ் வழக்கமாகக் கையாளும் முறையில் 2.5 வரும். இரண்டும் ஏற்கப்பட்ட முறைகள்தாம். தானாகத் திருத்தும் வினாடி வினாவுக்கு இது தெரியாது, ஒன்றைத் தவறு என்று போட்டுவிடும். ஒரு பாடத்துக்கு ஒரு மென்பொருள் என்று முடிவெடுங்கள். மாற்றினால் பழைய விடைக்குறிப்பை அப்படியே எடுக்காமல், ஒவ்வொரு விடையையும் புதிய மென்பொருளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

லைசென்ஸ்

லேப் கணினிகளுக்கு வாங்கிய லைசென்ஸ் மாணவரின் சொந்த லேப்டாப்புக்கும் செல்லும் என்று நினைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. ஒப்பந்தத்தை எடுத்து எந்த வகை என்று பாருங்கள்.

கணினிக்குக் கணினி வழங்கிய லைசென்ஸ் என்றால் வீட்டுக் கணினிக்கு உதவாது. ஆளுக்கு ஆள் வழங்குவது ஆன்லைன் வகுப்புக்குப் பொருந்தும். ஆனால் கல்லூரி மின்னஞ்சல் உருவாகிய பிறகுதான் கணக்குத் திறக்கும் என்பதால், தாமதமாகச் சேர்பவர்கள் முதல் சில நாட்களை இழப்பார்கள். மூன்றாவது வகை, ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்று லைசென்ஸ் சர்வர் எண்ணிக் கொடுப்பது. இதற்கு மாணவர் பெரும்பாலும் விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகக் கல்லூரி நெட்வொர்க்குக்குள் வரவேண்டும். பல பொறியியல் மென்பொருள்கள் பயன்படுத்தும் ஃப்ளெக்ஸ்நெட் என்ற லைசென்ஸ் சர்வர் வழக்கமாக 27000 முதல் 27009 வரையிலான போர்ட்டுகளில் (நெட்வொர்க் வாயில் எண்களில்) பேசும். வீட்டு இணைப்பில் இது சிக்கலாவது குறைவு. அலுவலக நெட்வொர்க்கிலிருந்து படிப்பவருக்கு அடைபட்டிருக்கலாம், விபிஎன்னே தடைசெய்யப்பட்டிருக்கவும் கூடும். சில நாடுகளில் விபிஎன் பயன்பாட்டுக்குச் சட்டத் தடையும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து சேர்பவரை இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

40 லைசென்ஸ், 120 மாணவர்கள் என்றால் சாதாரண நாளில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஒப்படைப்பின் கடைசி இரவில் 41-ஆவது ஆள் உள்ளே நுழைய முடியாது. மூன்று பிரிவாக்கி வெவ்வேறு நாளில் கடைசித் தேதி வையுங்கள். வேலை செய்யாமல் திறந்தே கிடக்கும் இணைப்பை 30 நிமிடத்தில் துண்டிக்கும்படி சர்வரில் அமைக்க முடிந்தால் அதையும் செய்யுங்கள். லைசென்ஸ் முடியும் தேதி மறுதேர்வுக்குப் பின்னால் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான்.

எங்கே ஓடப்போகிறது?

பிரவுசரிலேயே ஓடுவது, மாணவரின் கணினியில் இன்ஸ்டால் செய்வது, தொலைவிலுள்ள கணினியைத் திரையில் காட்டுவது என்று வழிகள் மூன்று. இந்த வரிசையிலேயே முயலுங்கள்.

பிரவுசர் வழியில் இன்ஸ்டால் வேலையே இல்லை, குரோம்புக் (பெரும்பாலும் பிரவுசரை நம்பி ஓடும் லேப்டாப்) வைத்திருப்பவரும் சேரலாம். பைத்தானுக்குக் கூகுள் கோலாப், கணித மென்பொருளான மேட்லாபுக்கு மேட்லாப் ஆன்லைன், ஆர் மொழிக்குப் போசிட் கிளவுட் என்று இருக்கின்றன. ஜூபிடர்லைட் இன்னும் எளிது: பின்னால் சர்வரே இல்லாமல் பைத்தான் பிரவுசருக்குள் ஓடும். கோலாபில் ஒரு எச்சரிக்கை உண்டு. அங்கே தற்காலிக இடத்தில் ஏற்றிய கோப்புகள் இணைப்பு முடிந்ததும் அழிந்துபோகும். கூகுள் டிரைவில் சேமிக்கும் வரியை முதல் நோட்புக்கின் (நிரல் எழுதி ஓட்டும் கோப்பின்) முதல் கட்டத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மாணவர் தானாகச் செய்வார் என்று விடவேண்டாம்.

தொலைக்கணினிக்கு அப்பாச்சி குவாக்கமோலி போன்ற இலவச வசதி உண்டு, பிரவுசரிலேயே திரை தெரியும். கணக்கை மட்டும் சரியாகப் போடுங்கள். ஆளுக்கு 4 ஜிபி ரேம், ஒரே நேரத்தில் 30 பேர் என்றால் 120 ஜிபி. மொத்த மாணவர் எண்ணிக்கையை விடுத்து, கடைசி இரவு எத்தனை பேர் வருவார்கள் என்பதை வைத்துக் கணக்கிடுங்கள். படிவமும் கட்டளையும் தட்டுவதற்கு இது போதும். முப்பரிமாண மாடலைச் சுழற்றும் வேலைக்கு இணைப்புத் தாமதம் கையைக் கட்டிவிடும்.

எல்லாவற்றையும் நிறுவிய ஒரு விர்ச்சுவல்பாக்ஸ் இமேஜை (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியின் முழுப் பிரதியை) கொடுத்து எல்லாப் பிரச்சினையையும் தீர்த்த காலம் ஒன்று இருந்தது. 2020 இறுதியில் ஆப்பிள் தன் சொந்தச் சிப்புள்ள மேக்குகளை வெளியிட்டதும் அந்த வழி உடைந்தது. இன்டெல் சிப்புக்கு உருவாக்கிய இமேஜ் அவற்றில் உபயோகமான வேகத்தில் ஓடாது. விண்டோஸைப் பக்கத்தில் நிறுவிக்கொள்ளும் பூட் கேம்ப்பும் அவற்றில் இல்லை. இமேஜ்தான் வேண்டும் என்றால் இரண்டாக உருவாக்குங்கள், இல்லை பிரவுசர் வழிக்கு வந்துவிடுங்கள்.

குறைந்தபட்சத் தேவையை எழுதும் விதம்

"நல்ல வேகமான லேப்டாப் தேவை" என்பது யாருக்கும் உதவாத வாக்கியம். மாணவர் தன் கணினியைத் திறந்து ஐந்து நிமிடத்தில் சரிபார்க்கும்படி எழுதுங்கள். ஒரு மாதிரி:

- விண்டோஸ் 11 அல்லது மென்பொருள் கேட்கும் பதிப்பு மேக்ஓஎஸ். எங்கே பார்ப்பது என்பதற்கு ஸ்கிரீன்ஷாட்
- ரேம் 8 ஜிபி, முப்பரிமாண வரைவுப் பாடம் என்றால் 16
- டிஸ்க்கில் 30 ஜிபி காலி இடம்
- மென்பொருள் நிறுவும் நிர்வாகி உரிமை
- கேமராவும் மைக்கும், தேர்வுக்குத் தேவை என்றால் மட்டும்

இதே அளவு முக்கியமானது எது ஓடாது என்ற பட்டியல். இன்ஸ்டால் செய்யும் பாடம் என்றால் டேப்லெட், போன், குரோம்புக் ஆகியவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். எஸ் மோடில் வரும் விண்டோஸ் லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளதை மட்டும்தான் நிறுவ முடியும். அதிலிருந்து வெளியே வரக் கட்டணமில்லை, ஆனால் திரும்பிப் போக முடியாது. இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் நிர்வாகி உரிமை இருக்காது என்பதற்கு ஒரு வரி. இந்தப் பட்டியல் பாடப்பக்கத்துக்குள் இருந்தால் பணம் கட்டிய பிறகுதான் கண்ணில் படும். சேர்க்கைப் பக்கத்தில் இருக்கட்டும்.

இன்ஸ்டால் குறிப்பு: எங்கே உடைகிறது

ஆசிரியரின் கணினியில் குறிப்பை எழுதக்கூடாது. அதில் பத்து வருடமாகச் சேர்ந்த துணைக் கோப்புகள் கிடக்கும். புதிதாகப் பயனர் கணக்கு திறந்த ஒரு விண்டோஸ், ஒரு மேக் இரண்டிலும், வேறொருவர் குறிப்பைப் படித்து நிறுவ வேண்டும். அவர் எங்கெல்லாம் நின்று யோசிக்கிறாரோ அங்கெல்லாம் ஒரு வாக்கியம் குறைகிறது.

ஆர் மொழியை எடுத்துக்கொள்வோம். விண்டோஸில் 4.2-க்கு முந்தைய ஆர் பதிப்புகளில் பேக்கேஜ்கள் (கூடுதல் வசதிகள்) டாகுமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் போகும்; அந்த ஃபோல்டரை ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேமிப்பு) தன்னிடம் இழுத்துவைத்திருந்தால், நிறுவும்போதே ஒன்டிரைவும் அதே கோப்பைப் பிரதியெடுக்கப் பிடித்துக்கொள்ளும். பாதியில் அனுமதி இல்லை என்ற பிழை வரும். மாணவர் மூன்று முறை அழித்து நிறுவுவார், மூன்று முறையும் அதுவே வரும். இன்னொரு காரணம் விண்டோஸ் பயனர் பெயர். அதில் இடைவெளியோ ஆங்கிலம் அல்லாத எழுத்தோ இருந்தால் சில கம்பைலர்களும் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றுபவை) பேக்கேஜ்களும் பாதையைத் தவறாகப் படிக்கும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: சி டிரைவின் மேல்மட்டத்தில், ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாத பெயரில் ஒரு ஃபோல்டர். பேக்கேஜும் பாட வேலையும் அதற்குள். இதைப் பிழை வந்த பின் படிக்கும் பகுதியில் போடாதீர்கள், முதல் படியாகப் போடுங்கள்.

பைத்தானில் அடிக்கடி வரும் கேள்வி வேறு. நிறுவாத விண்டோஸில் பைத்தான் என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும், மாணவர் அங்கிருந்து வேறு பதிப்பை நிறுவிவிடுவார். மேக்கில் பெயரோடு 3 சேர்த்துத் தட்ட வேண்டும். தசமத்துக்குக் காற்புள்ளி வைக்கும் நாட்டு அமைப்புள்ள கணினியில், சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பை எக்செலில் திறந்தால் எல்லாத் தகவலும் ஒரே பத்தியில் குவியும். கோப்பு பழுது என்று மின்னஞ்சல் வரும். கோப்பு நன்றாகத்தான் இருக்கும்.

பதிப்பெண்ணை உறையவையுங்கள். "புதிய பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள்" என்றால் செமஸ்டர் நடுவே பட்டன் இடம் மாறும். குறிப்பிட்ட பதிப்புக்கு நேரடி இணைப்புக் கொடுங்கள்.

வகுப்பு தொடங்கும் முன் பூஜ்ய வார ஒப்படைப்பு ஒன்று வையுங்கள். பத்து வரி நிரல் அல்லது ஒரு சிறு கோப்பு போதும். திறந்து ஓட்டினால் பதிப்பெண், இயங்குதளம், ஒரு வரைபடம் மூன்றும் வரவேண்டும், அதை மாணவர் பதிவேற்ற வேண்டும். 2 மதிப்பெண் கொடுத்தால் செய்துவிடுவார்கள், சும்மா கேட்டால் பாதிப்பேர் தள்ளிப்போடுவார்கள். நான்காம் நாள் யார் அனுப்பவில்லை என்று பார்த்து அவர்களை மட்டும் தொடர்புகொள்ளுங்கள். முதல் வாரப் பாடம் மென்பொருளே தேவைப்படாததாக இருக்கட்டும்.

வகுப்பு நேரமும் வீடியோவும்

மூன்று மணி நேர லேப்பை மூன்று மணி நேர வீடியோ ஆக்காதீர்கள். 8 முதல் 12 நிமிடத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் பின் மாணவர் செய்ய ஒரு வேலை வையுங்கள். அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள்: நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிந்த 10 நிமிட வீடியோ 75 எம்பி. திரைப்பதிவில் அசைவு குறைவு என்பதால் நொடிக்கு 15 ஃபிரேமும் 300 கிலோபிட்டும் போதும். அதே 10 நிமிடம் 22.5 எம்பி ஆகும். எழுத்து படிக்கும்படி இருக்க பிட்ரேட்டைக் கூட்டுவதைவிடப் பதியும் முன் எழுத்தளவைப் பெரிதாக்குவதே பலன் தரும். வசன வரிகள் கட்டாயம். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் மென்பொருள்) வழியே மாற்றாமல் போட்டால் திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கு அது வெற்றுத்தாள்.

கடைசி நேரத்தை "நள்ளிரவு 12" என்று எழுதினால் எந்த நாளின் நள்ளிரவு என்று சண்டை வரும். இரவு 11:59 என்று எழுதி, எந்த நாட்டு நேரம், யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்பதையும் சேருங்கள். அதைவிட மேல், உதவிக்கு ஆள் இருக்கும் வேலைநாளின் மாலையை வைப்பது.

தேர்வு

திரையைப் பூட்டும் தேர்வு பிரவுசர், வழக்கமாகத் தன்னைத் தவிர வேறு எதையும் திறக்கவிடாது. பாட மென்பொருளில் செய்துகாட்ட வேண்டிய தேர்வுக்கு அது எப்படி உதவும்? அதற்குப் பதில் பதிவெண்ணை விதையாக, அதாவது தரவை உருவாக்கும் தொடக்க எண்ணாகக் கொண்டு ஒவ்வொருவருக்கும் வேறு தரவைக் கொடுங்கள், பிறகு 3 நிமிடம் நேரலையில் "இந்த வரி ஏன்?" என்று கேளுங்கள். தானே செய்யாதவர் முதல் கேள்வியிலேயே தடுமாறுவார்.

வினாடி வினாவுக்கு 90 நிமிட வரம்பு, ஆனால் 24 மணி நேரம் திறந்திருக்கும் சாளரம் என்று வையுங்கள். மின்சாரம் போனவருக்கு மூடில் என்ற பாடத்தளத்தில் தனியாள் விதிவிலக்குப் போட இரண்டு நிமிடம் ஆகும். மூடில் ஆப்பில் இணையம் இல்லாமலே விடையெழுதும் வசதி உண்டு, ஆனால் நேர வரம்பு வைத்த வினாடி வினாவுக்கு அது கிடைக்காது. பயிற்சித் தேர்வுகளில் நேர வரம்பை எடுத்துவிட்டு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கையால் செய்யும் சோதனைகளுக்கு ஃபெட் தளத்தின் கணினி உருவகங்கள், போன் உணரிகளை அளவுகோலாக்கும் ஃபைஃபாக்ஸ் ஆப், சுற்றுகளுக்கு டிங்கர்கேட் ஆகியவை ஓரளவு ஈடுகட்டும்.

செமஸ்டர் முடியும்போது ஒரு வேலை பாக்கி இருக்கும். தொலைக்கணினியிலும் கல்லூரிக் கிளவுட் கணக்கிலும் உள்ள கோப்புகள் எந்தத் தேதியில் அழியும் என்று மூன்று வாரம் முன்பே அறிவியுங்கள். லைசென்ஸ் போன பிறகும் திறக்கும்படி சிஎஸ்வி, பிடிஎஃப், ஸ்டெப் (முப்பரிமாண மாடலுக்கு) போன்ற வடிவங்களில் எடுத்துவைக்கும் முறையை அதே அறிவிப்பில் எழுதுங்கள்.