நிரலை வெளியிடும் முன் உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள்

நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் வைத்ததாலேயே நிரல் திறமூலம், அதாவது யாரும் பயன்படுத்தி மாற்றக்கூடியது, ஆகிவிடாது. உரிமம் இல்லையென்றால் பதிப்புரிமை முழுவதும் உங்களிடமே இருக்கும். பிறர் படிக்கலாம், தம் மென்பொருளில் சேர்க்க முடியாது.

முதலில் வேலை ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஓய்வு நேரத்தில் எழுதியதும் நிறுவனத்துக்கே என்று இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

யாரும் எதற்கும் பயன்படுத்தட்டும் என்றால் எம்ஐடி உரிமம். காப்புரிமை அனுமதியும் தெளிவாக வேண்டுமென்றால் அப்பாச்சி 2.0, இது அடுத்து வரும் ஜிபிஎல் 3 உரிமத்து நிரலுடன் சேரும், ‘ஜிபிஎல் 2 மட்டும்’ என்று குறித்த நிரலோடு சேராது. மாற்றி விநியோகிப்பவர் மூலநிரலையும் தர வேண்டுமென்றால் ஜிபிஎல் 3. சர்வரில் மட்டும் ஓடும் மென்பொருளுக்கு அது போதாது, அங்கே விநியோகமே நடப்பதில்லை. மாற்றிய நிரலை இணையம் வழியே பயன்படுத்துவோருக்கும் மூலநிரலைத் தரச் சொல்லி அந்த ஓட்டையை அடைப்பது ஏஜிபிஎல் 3. இணையச் சேவை எழுதுகிறவர்கள் இதைத் தயங்காமல் எடுக்கலாம். சொந்தமாக உரிமம் எழுத வேண்டாம். சட்டக் குழுக்கள் அதைத் தொடவே அஞ்சும். உரிமத்தின் முழு வாசகத்தையும் திட்டத்தின் முதன்மைக் கோப்புறையிலேயே வையுங்கள்.

கடவுச்சொல், ஏபிஐ சாவி (வேறொரு சேவையை நிரல் அணுகத் தரும் ரகசியக் குறி) இருந்த கோப்பை அழித்தாலும், பழைய கமிட்டில் (மாற்றங்களின் சேமித்த பதிவில்) அது கிடக்கும். முதலில் சாவியை ரத்து செய்யுங்கள், பிறகு வரலாற்றைத் திருத்துங்கள்.

பிறர் அனுப்பும் திருத்தங்களின் பதிப்புரிமை அவர்களுடையது. ஜிபிஎல் திட்டத்தின் உரிமத்தைப் பின்னால் மாற்ற அவர்கள் எல்லோரின் சம்மதமும் தேவைப்படும். பங்களிப்பாளர்களிடம் தனி ஒப்பந்தம் வாங்கும் நிறுவனத்துக்கு அந்தத் தடை இல்லை. 2023இல் ஹாஷிகார்ப் நிறுவனம் தன் டெராஃபார்ம் மென்பொருளின் உரிமத்தைத் திறமூலமல்லாத ஒன்றாக மாற்றியது. பழைய பதிப்புகளுக்குத் தந்த உரிமம் அப்படியே இருந்ததால், அவற்றிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற திறமூலத் திட்டம் பிரிந்து வளர்ந்தது.