பழைய ஆட்டோமேட்டிக் கார்ல கியர் ஸ்லிப் ஆகுதா?
டி போட்டும் வண்டி லேட்டா நகருது, ஆர்பிஎம் மட்டும் ஏறுதுன்னா உடனே கியர்பாக்ஸ் போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க, முதல்ல ஏடிஎஃப் (அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) அளவு பாக்கற குச்சி, டிப்ஸ்டிக்க எடுத்து பாருங்க. நிறைய வண்டில இன்ஜின் சூடாகி ஐடில்ல ஓடும்போதுதான் லெவல் பாக்கணும், ஆனா பழைய ஹோண்டால ஆஃப் பண்ணின உடனே பாக்கணும், இது தெரியாம சில பேர் ஆயில கூடுதலா ஊத்திடறாங்க. ஆயில் கருத்து தீஞ்ச வாடை வந்தா உள்ள கிளட்ச் பிளேட் தேஞ்சிருக்கும்.

வேற பாக்ஸ் மாத்தறதுன்னா இத மட்டும் தயவுசெஞ்சு மறக்காதீங்க, இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவுல வர்ற டார்க் கன்வர்ட்டர கையால சுத்தி சுத்தி பாக்ஸுக்குள்ள தள்ளுங்க, டக் டக்னு ரெண்டு மூணு தடவ உள்ள இறங்கி முழுசா உக்காந்தப்புறம்தான் பாக்ஸ இன்ஜினோட சேக்கணும், உக்காராமயே போல்ட்ட முறுக்கி இழுத்தா மாத்தின பாக்ஸோட பம்ப் அங்கயே உடைஞ்சிடும். கியர்பாக்ஸ் ஆயில் கூலருக்கு போற பைப், அந்த கூலர் லைனயும் ஃப்ளஷ் பண்ணிடுங்க, பழைய பாக்ஸ்ல தேஞ்ச தூள் அதுலதான் நிக்கும்.