மேடு ஏறினால் ஸ்டீயரிங் வெட்டுகிறதா? பக்கியின் முன்பக்கத்தைத் திருத்தும் முறை

சமதரையில் ஒழுங்காக ஓடும் பக்கி (பட்டறையில் குழாய்ச் சட்டத்தில் கட்டும் மண்பாதை வண்டி), ஒரு சக்கரம் கல்லில் ஏறியதும் கையிலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடுங்கினால் பழி முதலில் ஷாக்கின் மேல்தான் விழும். ஸ்பிரிங்கை மாற்றிப் பார்ப்பார்கள், டயரில் காற்றைக் குறைத்துப் பார்ப்பார்கள். வெட்டு நிற்காது. சக்கரம் ஏறி இறங்கும்போது, அதைச் சேசிஸோடு இணைக்கும் ஏ-ஆர்மின் முனை ஒரு வட்டத்தில் போகிறது, அதைத் திருப்பும் டை ராடின் முனை வேறொரு வட்டத்தில் போகிறது. இரண்டுக்கும் இடையே விழும் மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குச் சக்கரம்தான் திரும்பிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பம்ப் ஸ்டீயர் என்பது இதுதான்.

பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டிக்காகக் கல்லூரிப் பட்டறைகளில் செய்யும் வண்டியோ, தோட்டத்தில் ஓட்டச் செய்ததோ, பெரும்பாலும் கதை ஒன்றே. பழைய மாருதி 800-இன் நக்கிளும் (ஹப்பைத் தாங்கித் திரும்பும் பாகம்) ரேக்கும் (ஸ்டீயரிங் சுற்றலை இடவல அசைவாக்கி டை ராடைத் தள்ளும் பல்தண்டு) சல்லிசாகக் கிடைக்கும். முதலில் ரேக்கைக் காலடியில் இடம் இருக்கும் மூலையில் வெல்டு வைத்துவிட்டு, பிறகு அதற்கு ஏற்ப டை ராடை வெட்டி ஒட்டுவார்கள். வரிசையே தலைகீழ். ஆர்ம்கள் சேசிஸோடு கோத்துச் சுழலும் பிவட்டுகள்தான் ரேக் எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கும். ஆகவே திருத்தும்போது முதலில் ஆர்ம், அடுத்து ரேக், கடைசியில் ஷாக்.

அளவெடுப்பது

எதையும் வெட்டுவதற்கு முன் ஓட்டுபவரை உட்காரவைத்து, டேங்கில் பெட்ரோலோடு, சேசிஸின் அடிக்குழாய் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று இடமும் வலமும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே உயரத்தில் சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, அசையாதபடி கட்டுங்கள். ஷாக் இரண்டையும் கழற்றிவிடுங்கள். ஸ்டீயரிங் சக்கரம் திரும்பாதபடி கயிற்றால் நடுவில் கட்டிவைக்க வேண்டும். இதை மறந்தால் எடுத்த அளவு அத்தனையும் வீண்.

டயரைக் கழற்றிவிட்டு, ஹப்பில் 600 மி.மீ. நீளமுள்ள நேரான ஒட்டுப்பலகை ஒன்றை, ஹப் நடுவுக்கு முன்னும் பின்னும் 300 மி.மீ. இருக்குமாறு போல்ட் போடுங்கள். வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக ஒரு நூலை, பலகைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி இழுத்துக் கட்டுங்கள். பலகையின் முன்முனையிலிருந்து நூலுக்கும், பின்முனையிலிருந்து நூலுக்கும் உள்ள தூரத்தின் வித்தியாசம்தான் டோ. 600 மி.மீ. பலகையில் 1 டிகிரி என்பது ஏறக்குறைய 10.5 மி.மீ. ஹப்புக்கு அடியில் ஜாக்கி கொடுத்து 20 மி.மீ., 20 மி.மீ. ஆக ஏற்றியும் இறக்கியும் ஒவ்வொரு நிலையிலும் எழுதுங்கள். நூல் அசையாமல் இருக்க மின்விசிறியை நிறுத்துவது நல்லது.

இந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டை ராட் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கும் வண்டிக்கு, மாருதி நக்கிளை அப்படியே போட்டால் வருவது போல, கணக்கு இது. சக்கரம் ஏறும்போது டோ-இன் (முன்முனை உள்நோக்கி), இறங்கும்போது டோ-அவுட் (முன்முனை வெளிநோக்கி) என்றால் ரேக் உயரமாக இருக்கிறது, இறக்குங்கள். நேர்மாறாக வந்தால் ஏற்றுங்கள். ஏறினாலும் இறங்கினாலும் டோ-அவுட் பக்கமே போனால் டை ராட் குட்டை, அதாவது ரேக் அகலமாக இருக்கிறது. இரண்டிலும் டோ-இன் என்றால் டை ராட் நீளம் கூடுதல். ரேக் ஆக்சிலுக்கு முன்னால் இருந்தால் இவை எல்லாவற்றையும் திருப்பிப் படிக்க வேண்டும்.

ஓட்டும் உயரத்திலிருந்து மேலே 75, கீழே 75 மி.மீ. வரைக்கும் மாற்றம் அரை டிகிரிக்குள் அடங்கினால் போதும். பலகையில் பார்த்தால் 5 மி.மீ. சொச்சம். தாவும்போது சக்கரம் அதற்கும் கீழே தொங்கினால் வருவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், சக்கரம் அப்போது காற்றில் இருக்கும்.

ரேக்கின் இடம்

முன்பக்கமிருந்து பார்க்கும்போது மேல் ஆர்மின் உள் பிவட்டையும் கீழ் ஆர்மின் உள் பிவட்டையும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். ஆர்ம்களின் வெளிமுனையில் உள்ள மேல், கீழ் பால் ஜாயின்ட்டுகளை (உருண்டை மூட்டுகளை) சேர்த்து இன்னொரு கோடு. டை ராடின் வெளிமுனை இரண்டாவது கோட்டில் இருந்தால் உள்முனை முதல் கோட்டில் இருக்க வேண்டும். வெளிமுனை கோட்டிலிருந்து 25 மி.மீ. உள்ளே தள்ளி இருந்தால் உள்முனையும் ஏறக்குறைய அதே 25 மி.மீ. உள்ளே போக வேண்டும். கூடவே, இரண்டு ஆர்ம்களின் கோடுகளையும் நீட்டினால் எங்கே சந்திக்கின்றனவோ அந்தப் புள்ளியை நோக்கியே டை ராடும் போக வேண்டும். பட்டறைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து பார்ப்பது கணினியில் வரைவதைவிடக் குறைந்தது அல்ல. நூல் கட்டினால் கண்ணுக்கே தெரியும்.

கையால் செய்யும் வண்டிக்குச் சுலபமான வழி, டை ராடைக் கீழ் ஆர்மின் உயரத்திலேயே, அதே சாய்வில், அதே நீளத்தில் வைப்பது. ஆனால் இங்கேதான் மாருதி ரேக் தடுக்கும். கார் ரேக் அகலமானது, பக்கியின் மூக்கோ குறுகல். முடிந்தால் கீழ் ஆர்மின் உள் பிவட்டுகளை ரேக்கின் இரண்டு உள் பால் ஜாயின்ட்டுகளின் இடைவெளிக்கு நகர்த்துங்கள். முடியாவிட்டால் பக்கி, ஏ.டி.வி. (நான்கு சக்கர மண்பாதை பைக்) வண்டிகளுக்கென்றே வரும் குட்டை ரேக்கை வாங்குங்கள். ரேக் தண்டை வெட்டிக் குறுக்கி வெல்டு போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அது கடினப்படுத்திய எஃகு. வெல்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், ஒரு குழியில் சட்டென்று முறியும். முறிந்தால் ஸ்டீயரிங் கையில் சும்மா சுற்றும்.

ரேக்கைச் சேசிஸில் நேரடியாக வெல்டு வைக்காமல் 5 மி.மீ. பட்டையில் போல்ட் போடுங்கள், அடியில் 1, 2 மி.மீ. ஷிம்கள் (மெல்லிய தகடுகள்) வைக்க இடம் விடுங்கள். தாளில் வரும் உயரப் பிழையை ஷிம்மால் தீர்த்துக்கொள்ளலாம். நீள்துளை போட்டு நகர்த்திக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், முதல் குழியிலேயே தானாக நகர்ந்துவிடும்.

ரேக்கைப் பின்னாலிருந்து ஆக்சிலுக்கு முன்னால் கொண்டுபோய் நக்கிளையும் இடம்வலம் மாற்றிப் போட்டால், வலப்பக்கம் சுற்றினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். சிரிப்பு வரும், ஆனால் வெல்டு எல்லாம் முடிந்த பிறகு கண்டுபிடிப்பவர்கள் நிறைய. ரேக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தால் சரியாகும். ரேக்கை நகர்த்தும் பல்சக்கரமான பினியன் அப்போது எதிர்ப்பக்கத்துக்குப் போகும் என்பதால் ஸ்டீயரிங் காலமின் (ஸ்டீயரிங் தண்டின்) பாதையை முன்கூட்டியே பாருங்கள். காலமில் இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட் இருந்தால் நடுத் தண்டின் இரு முனையிலும் உள்ள நுகங்கள் (கவைமுனைகள்) ஒரே தளத்தில் இருக்க வேண்டும், இரு ஜாயின்ட்டின் கோணமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்குள்ளேயே ஸ்டீயரிங் இரண்டு முறை கனத்து இரண்டு முறை இளகும்.

முன்னால் வைத்த ரேக்குக்கு இன்னொரு தொல்லை உண்டு. வளைவில் உள்சக்கரம் அதிகமாகத் திரும்ப, ஸ்டீயரிங் ஆர்ம்கள் (டை ராட் பூட்டும் நக்கிளின் கைகள்) வெளிப்பக்கம் விரிய வேண்டும். அங்கே பிரேக் டிஸ்க்கும் ரிம்மும் நிற்கும். பின்னால் வைத்தால் ஆர்ம்கள் உள்நோக்கிச் சாய்ந்தால் போதும், அவற்றை நீட்டினால் பின் ஆக்சிலின் நடுவில் சந்திக்கட்டும். 1500 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களின் இடைவெளி), சக்கரம் திரும்பும் அச்சுகளான கிங்பின்களுக்கு இடையே 1100 மி.மீ. உள்ள வண்டியில் உள்சக்கரம் 35 டிகிரி திரும்பும்போது வெளிச்சக்கரம் 25 டிகிரி திரும்பினால் கச்சிதம். மண்ணில் ஓட்டுவதற்கு இரண்டு மூன்று டிகிரி பிசகினாலும் ஒன்றும் குடிமுழுகாது.

ஆர்ம் செய்வது

25 மி.மீ. வெளிவிட்டம், 2 முதல் 3 மி.மீ. தடிமன் உள்ள தையலில்லாக் குழாய் போதுமானது. குழாய்முனையை மீன்வாயாக வெட்டி இடைவெளியில்லாமல் பொருத்துங்கள். இடைவெளியை வெல்டால் நிரப்பிய ஆர்ம் அங்கேயேதான் விரியும். கனமான தட்டில் ஜிக் (பாகங்களை இடத்தில் பிடித்துவைக்கும் அமைப்பு) அமைத்து, பிவட் குழல்கள் இரண்டையும் ஒரே நீளப் போல்டில் கோத்துப் பிடித்து, எல்லா மூட்டிலும் முதலில் டேக் (சிறு பொட்டு வெல்டு) மட்டும் போடுங்கள். பிறகு எதிரெதிர் பக்கம் மாறிமாறி வெல்டு. சூடு ஆறும்வரை ஜிக்கிலிருந்து எடுக்காதீர்கள். பால் ஜாயின்ட்டைக் கழற்றிவிட்டு வெல்டு போடுங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் உருகி கிரீஸ் கருகினால் வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு மாதத்தில் ஆட்டம் கொடுக்கும்.

நைலான் புஷ் போட்டால் உள்ளே எஃகுக் குழல் வேண்டும், அது புஷ்ஷைவிட 0.3 மி.மீ. நீளமாக இருக்கட்டும். போல்ட் இறுகும்போது குழல்தான் பிராக்கெட்டில் பிடிபட வேண்டும், நைலான் தாராளமாகச் சுழல வேண்டும். எம்10, 8.8 தரப் போல்ட்டை 45 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்குங்கள். மரை உள்ள பகுதி பிராக்கெட்டின் துளைக்குள் வரக்கூடாது.

மாருதி நக்கிளின் மேல்பகுதியில் காரின் ஸ்ட்ரட்டுக்கான (ஷாக் தூணுக்கான) இரண்டு துளைகள் இருக்கும். மேல் பால் ஜாயின்ட்டைத் தாங்க அங்கே 6 மி.மீ. தகட்டில் பெட்டி போன்ற பிராக்கெட் செய்ய வேண்டும். ஒற்றைத் தகடாக விட்டால் பிரேக் பிடிக்கும்போது முறுக்கும். மேல் ஜாயின்ட் கீழ் ஜாயின்ட்டைவிடப் பின்னால் சாய்ந்து காஸ்டர் (அந்தச் சாய்வுக் கோணம்) 5 முதல் 8 டிகிரி வரட்டும். தூக்குக்குண்டு தொங்கவிட்டால் அளந்துவிடலாம்.

டை ராடின் ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை வைத்தால் கழற்றாமலே நீளத்தைத் திருத்தலாம். எம்12 ராட் எண்டின் (டை ராட் முனை மூட்டின்) மரை குறைந்தது 18 மி.மீ. உள்ளே ஏறியிருக்க வேண்டும். டை ராட் முனையின் டேப்பர் (கூம்பு) பின்னும் நக்கிள் துளையும் ஒத்திருக்கிறதா என்று நீலச்சாயம் தடவிப் பாருங்கள், சுற்றிலும் பட வேண்டும். நட்டை இறுக்கிக் கோட்டர் பின் போடுங்கள்.

முழுத் திருப்பத்தில் டை ராடும் ஸ்டீயரிங் ஆர்மும் ஒரே கோடாகிவிட்டால் சக்கரம் மறுபக்கம் கவிழ்ந்து நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே 30 டிகிரியாவது மிஞ்சும் இடத்தில் நக்கிளில் நிறுத்தக்கட்டை வைத்து வெல்டு போடுங்கள்.

ஷாக்

ஒரு முன்சக்கரத்தின் மேல் 50 கிலோ வருகிறது, மொத்த அசைவு 200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தில் மி.மீ.க்கு 8 நியூட்டன் கிடைத்தால் உட்கார்ந்த நிலையில் 60 மி.மீ. அளவு இறங்கும்; 30 சதவீதம், மண்ணுக்குப் பொருத்தம். ஆனால் ஷாக் கீழ் ஆர்மின் 60 சதவீத நீளத்தில் இருந்தால் 0.6-இன் வர்க்கம் 0.36, அதனால் மி.மீ.க்கு 22 நியூட்டன் ஸ்பிரிங் தேவை. அதுவே 25 டிகிரி சாய்ந்திருந்தால் 27. சாய்வைக் கணக்கில் எடுக்காமல் ஸ்பிரிங் வாங்கி, பிறகு ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தை) முறுக்கிச் சமாளிப்பது வழக்கமான தப்பு.

ஷாக் முழுதும் விரிந்த நிலையிலும் முழுதும் அமுங்கிய நிலையிலும் ஸ்டீயரிங்கை இரு ஓரமும் சுற்றி, எந்தப் பால் ஜாயின்ட்டும் கிண்ணத்தின் விளிம்பில் முட்டவில்லை என்று கையால் தொட்டுப் பாருங்கள். முட்டினால் இறக்கத்தைப் பட்டையால் கட்டுப்படுத்துங்கள்.

டோவை மொத்தம் 2 மி.மீ. உள்நோக்கி வைத்து, எல்லா நட்டிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். 100 மி.மீ. உயரக் கட்டை மேல் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மெதுவாக ஏற்றி இறக்குங்கள், ஸ்டீயரிங்கை விரல் நுனியால் பிடித்தபடி. அரை மணி நேரம் ஓட்டியபின் பெயின்ட் கோடு நகர்ந்த நட்டை மட்டும் மறுபடி முடுக்கினால் போதாது. அந்த மூட்டைக் கழற்றி ஏன் நகர்ந்தது என்று பாருங்கள்.