காட்டுப் பாதை திரையில் தெரிந்த விதம்

மலைச் சைக்கிளில் காட்டுக்குள் நுழைந்ததும் என் ஜிபிஎஸ் கருவியின் திரை வெறுமையாகிவிடும். அம்புக்குறி மட்டும் வெள்ளையில் மிதக்கும். கருவியோடு வந்த வரைபடத்தில் சாலைகள்தான் இருந்தன. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவிலிருந்து மலைச் சைக்கிளுக்கென்றே உருவாக்கிய இலவச வரைபடத்தை மெமரி கார்டில் ஏற்றினேன். அப்போதும் ஒற்றையடிப் பாதைகள் தெரியவில்லை! பழைய வரைபடம் மேலே படர்ந்து புதியதை மறைத்துக்கொண்டிருந்தது. அமைப்புகளில் அதை அணைத்தவுடன் பாதைகளும், ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளும் பளிச்சென்று வந்தன. கோடுகள் நெருங்க நெருங்கச் சரிவு செங்குத்தாகும். இதைப் படிக்கப் பழகுவது மிக அவசியம். பாதையின் கடினம் 0 முதல் 6 வரை குறிக்கப்படுகிறது. அது தன்னார்வலர்கள் இட்ட மதிப்பு என்பதால் எல்லாப் பாதைக்கும் இருக்காது. கிளை பிரியும் இடங்களில் திரையில் வரைபட அளவுகோல் 120 மீட்டர் என்று காட்டும் அளவுக்கு நெருக்கி வைத்துக்கொள்கிறேன்.