செக்கு எண்ணெய் வியாபாரத்துக்கு லோகோ: பெயரிலிருந்து தொடங்குங்கள்

மரச்செக்கு எண்ணெய் விற்கிற கடைகளில் பெரும்பாலும் பாட்டில் மேல் ஒரு மாடு, ஒரு செக்கு, ஓரத்தில் ரெண்டு இலை. நாலு பேருடைய பாட்டிலை வரிசையாக வைத்தால் எது யாருடையது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. நல்லெண்ணெய் தீர்ந்ததும் மறுபடி உங்களிடமே வாங்க நினைக்கிறவர் தேடப்போவது உங்கள் பெயரைத்தான், அதனால் லோகோ வேலையைப் பெயரிலிருந்து ஆரம்பியுங்கள். படம் வேண்டுமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடையின் முழுப் பெயர் நீளமாக இருந்தால் அது பில்லில் இருக்கட்டும். லோகோவுக்கு உங்களை மட்டும் குறிக்கிற ஒன்றிரண்டு சொல் போதும். 'தூய', 'இயற்கை', 'மரச்செக்கு' மாதிரியான சொற்கள் பொருளின் தன்மையைச் சொல்பவை, எல்லோருக்கும் பொது. அவற்றைக் கீழே சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சாமி படம் வேண்டாம் என்பது என் கருத்து, காலிப் பாட்டில் குப்பைக்குத்தானே போகும்.

அடுத்து எழுத்து, இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு எடுபடுகிற தடிமனைத் தமிழுக்கும் கொடுத்தால், சின்ன லேபிளில் ண, ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு கருப்புத் திட்டாகிவிடும். தமிழில் புள்ளியும் கொக்கியும் மேலே ஏறும், கு, மு, ழு எல்லாம் கீழே இறங்கும், அதனால் பெயரை ரெண்டு வரியாக அமைத்தால் நடுவில் தாராளமாக இடம் விடுங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி போன்ற தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். ஒன்றை எடுத்துப் பெயரை அடித்துவிட்டு, ஒரே ஒரு இடத்தில் மட்டும் கை வையுங்கள். பெயரில் ஒரு மெய்யெழுத்து இருந்தால் அதன் புள்ளியை எண்ணெய்த் துளியாக மாற்றலாம், மாடும் செக்கும் சொல்ல வருவதை அந்த ஒரு துளியே சொல்லிவிடும்.

இதையெல்லாம் கருப்பு வெள்ளையிலேயே செய்து முடியுங்கள். ரப்பர் ஸ்டாம்ப், பில் புக், துண்டு நோட்டீஸ் எல்லாம் ஒரே நிறம்தான். துணிப்பையில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் போட வேண்டும், நிறம் கூடக் கூடச் செலவும் கூடும். நிழலும் நிறக் கலவையும் இல்லாமல் நிற்கிற லோகோதான் எல்லா இடத்துக்கும் வரும். நிறம் சேர்க்கும்போது எண்ணெயின் நிறத்தையும் நினைவில் வையுங்கள்: கண்ணாடி போன்ற ஸ்டிக்கரில் மஞ்சள் எழுத்து போட்டால் கடலை எண்ணெய் நிரப்பியதும் அது காணாமல் போய்விடும். பச்சை வட்டமும் வேண்டாம், லேபிளில் ஏற்கனவே சைவக் குறியின் பச்சை வட்டம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் சின்னம், 14 இலக்க உரிம எண், விலை, தேதி என்று அத்தனையும் அதே லேபிளில் வர வேண்டும் என்பதால் லோகோ கொஞ்சம் இடத்திலேயே வேலையை முடிக்க வேண்டும்.

ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் பிரிண்ட் எடுத்து, உங்கள் கடையைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பெயரை வாசிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் டிபியில் போட்டுப் பாருங்கள், வட்டமாக வெட்டும்போது ஓர எழுத்து போகிறதா என்று தெரியும். கடைப் பலகைக்கு வேறு ஒரு கணக்கு உண்டு. தமிழ்நாட்டு விதிப்படி தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும்; தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில். ஆங்கிலத்தில் மட்டும் லோகோ செய்தால் பலகை எழுதும்போது சிக்கல்தான்.

டிசைனரிடம் கொடுத்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள், ஜேபிஜி மட்டும் போதாது, அது பெரிதாக்கினால் உடையும். எழுத்தை கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக, மாற்றித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த எழுத்துரு இல்லாத அச்சகத்தில் திறக்கும்போது உங்கள் பெயர் வேறு ஏதோ குறிகளாக வரும். லோகோவின் உரிமை உங்களுக்கே என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஆயத்த டெம்ப்ளேட் படம் வேண்டாம், அதே படத்தை இன்னொருவரும் எடுக்கலாம்.

முடிவு செய்வதற்கு முன் டிரேட்மார்க் இணையதளத்தில் அந்தப் பெயர் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று தேடுங்கள். டிரேட்மார்க் பதிவில் பொருட்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்: சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பு, மசாலாப் பொடியும் விற்றால் 30. தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் விண்ணப்பிக்க வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பெயருக்குப் பக்கத்தில் டிஎம் (டிரேட்மார்க்) என்று இப்போதே போடலாம், வட்டத்துக்குள் ஆர் பதிவு ஆன பிறகுதான்.

முதல் தடவையே ஆயிரக்கணக்கில் ஸ்டிக்கர் அடிக்காதீர்கள். டிஜிட்டல் பிரிண்டில் கொஞ்சம் எடுத்து, எண்ணெய் நிரப்பிய பாட்டிலில் ஒட்டி, எண்ணெய்க் கையாலேயே தொட்டுப் பாருங்கள், மை கலையவில்லை என்றால் மீதிக்கு ஆர்டர் கொடுங்கள்.