பி5.ஜேஎஸ்-இல் பாசிமணிப் பதக்கம்

வட அமெரிக்கப் பழங்குடிக் கலைஞர்கள் வட்டப் பதக்கம் செய்யும்போது நடுவில் ஒரு மணியை வைத்து, சுற்றிலும் வளையம் வளையமாகத் தைத்துக்கொண்டே போவார்கள். இது நிரலுக்கு நன்றாக ஒத்துவரும். பிரவுசரிலேயே படம் வரைய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான பி5.ஜேஎஸ்-இல் (p5.js) அதைச் செய்து பார்ப்போம். கனடாவின் பழங்குடி மக்களில் ஒரு பிரிவான மேட்டி (Métis) இனக் கலைஞர் ஜான் கார்பெட் நிரல் எழுதியே மணிமணியாக உருவப்படங்கள் செய்கிறார். இங்கே எடுத்துக்கொள்வது அடுக்கும் முறையை மட்டும்தான். ஒரு சமூகத்துக்கோ குடும்பத்துக்கோ உரிய பூ, விலங்கு உருவங்களை நகலெடுக்காதீர்கள்.

1. தயாரிப்பு
பி5 வெப் எடிட்டரை பிரவுசரில் திறந்தால் போதும். கேன்வாஸ் 800×800 பிக்சல், பின்னணி கருநீலம், கோணம் டிகிரியில். தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் ஓடும் செட்டப் (setup) பகுதியிலேயே நோலூப் (noLoop) கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படம் வரையும் பகுதியான டிரா (draw) நொடிக்கு 60 முறை ஓடி மணிகள் நடுங்கும்.

2. வளையங்கள்
மொத்தம் 22. ஆரம் = வளைய எண் × 16. மணிகள் = வளைய எண் × 6. ஆக முதல் வளையத்தில் 6, கடைசியில் 132, நடுமணியோடு மொத்தம் 1,519. எல்லா வளையத்துக்கும் ஒரே எண்ணிக்கை வைத்தால் உள்ளே மணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், வெளியே பல்லிளிக்கும். சுற்றளவு ஆரத்தைப்போல் சுமார் 6.28 மடங்கு, 6 மணி போக மிஞ்சும் அந்தத் துளி இடம் நூலுக்கு.

3. நிறம்
வேலையே இங்கேதான். ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாக ரேண்டம் (random, தற்செயல் எண்) போட்டால் கொட்டிய மணிபோல இருக்கும், கோலம் வராது. வட்டத்தை ஆறு துண்டாகப் பாருங்கள். துண்டுக்குள் மணியின் இடம் 0, 1, 2 என்று போகும். அந்த எண், வளைய எண்ணிலிருந்து அதைக் கழித்தது, இரண்டில் சிறியதை எடுங்கள். இடவலச் சமச்சீர் தானாக வந்துவிடும். அதையும் வளைய எண்ணையும் 0.3-ஆல் பெருக்கி நாய்ஸுக்குக் (noise, 0–1-க்குள் மெல்ல மாறும் எண் தருவது) கொடுங்கள். விடை பெரும்பாலும் 0.5-ஐ ஒட்டியே வருவதால் ஐந்து நிறப் பட்டியலில் முதலும் கடைசியுமான ஓர நிறங்கள் எட்டிப் பார்க்காது. 0.25–0.75 வரம்பை மேப் (map) கொண்டு 0–5 ஆக விரித்து, 0–4.99-க்குள் அடக்கி, முழு எண்ணாக்குங்கள்.

4. மணி
விட்டம் 15. மேல் இடப்புறம் 4 பிக்சலில் மங்கிய வெள்ளைப் புள்ளி வைத்தால் கண்ணாடி மினுக்கம் கிடைக்கும். இடத்தை 0.4 பிக்சல் முன்பின் தள்ளுங்கள். அதற்குமேல் போனால் ஒழுங்கற்ற தையல்தான் தெரியும்.

5. சேமிப்பு
தற்செயல் எண்கள் ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் வரச்செய்யும் ரேண்டம்சீட் (randomSeed), நாய்ஸ்சீட் (noiseSeed) இரண்டுக்கும் எண் கொடுங்கள். ஒன்றை விட்டாலும் பிடித்த படம் திரும்ப வராது. விற்பதானால் பழங்குடியினர் படைப்பு என்ற தோற்றம் தராதீர்கள்; அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.