குறைந்த செலவில் கார்ப் பந்தயக் கணினி: என் அனுபவம்

புதுக் கணினிக்குப் பணம் போதவில்லை. யாழ்ப்பாண நகரில், அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட பாவித்த டெல் ஆப்டிபிளெக்ஸ் கணினி ஒன்றை வாங்கினேன். ஓட்ட விரும்பியது 2014இல் வெளிவந்த அசெட்டோ கோர்சா என்ற கார்ப் பந்தய விளையாட்டு. காரின் அசைவை உணர்த்துவதில் இன்றும் எனக்கு அதுவே முதன்மை.

மிகவும் யோசித்தது, திரைப் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றித்தான். இத்தகைய கணினிகளின் பவர் சப்ளை சிறியது. கார்டுக்கான தனி மின்கம்பி பெரும்பாலும் இராது. மதர்போர்டின் இணைப்பிடம் தருவது 75 வாட் வரைதான். கடைக்காரத் தம்பி ஆர்எக்ஸ் 580ஐக் காட்டினார். வேகம் கூடியதுதான், ஆனால் 185 வாட் கேட்கும். "வேண்டாம் தம்பி" என்று 75 வாட்டுக்குள் அடங்கும் ஜிடிஎக்ஸ் 1650ஐ எடுத்தேன். அதிலும் சில மாதிரிகள் தனி மின்கம்பி கேட்கும், பார்த்து வாங்குங்கள்.

தனியே ஓடும்போது படம் சீராக இருந்தது. பல கார்கள் சேர்ந்ததும் திக்கியது. படத்தின் தரத்தைக் குறைத்தும் மாற்றமில்லை. அப்படியானால் தடை கார்டில் இல்லை. ஒவ்வொரு எதிராளிக் காரின் இயக்கத்தையும் கணக்கிடும் புரொசசரில்தான். எதிராளிகளைக் குறைத்தேன். ஒற்றை 8 ஜிபி ராமுக்கு இணையாக இன்னொன்று சேர்த்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் தரவு போய்வரும் இரட்டைத் தடத்தில் ஓடவைத்தேன். திக்கல் நின்றது.

மிச்சப் பணம் முழுவதும் பாவித்த லொஜிடெக் ஜி29 ஸ்டியரிங்குக்குப் போனது. திரை பழையதாகவே இருக்கட்டும், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பின்சக்கரம் வழுக்குவதைக் கண் காணும் முன்பே கை அறிகிறது! பெடல் சீமெந்துத் தரையில் நகரும். சுவரோடு அணைத்து வையுங்கள்.